சந்தேகம் என்றாலே அட்டை

எங்கள் கம்பெனியைப் பற்றி நான் ஒரு சொல் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகட்டும். சங்கரன்கோவிலில் எங்கள் தெருத் தண்ணீர்த் தொட்டி இடிந்து விழுந்தபோது ஆள் வந்து எட்டிப் பார்க்க எட்டு மாதம் ஆனது. இங்கே மண்ணூரில், ஒரு செல்போன் மூடியில் தலைமுடியின் பாதி கனத்துக்கு ஒரு பரு இருந்தால் போதும், நாலு மணி நேரத்துக்குள் மூன்று அதிகாரிகள் வந்து குனிந்து பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட கம்பெனி.

செல்போனுக்குப் பின்மூடி செய்கிறோம். நானூறு பெண்கள். பதினெட்டு வயதிலிருந்து எடுப்பார்கள், இருபத்தைந்து ஆனால் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். இருபத்தைந்துக்கு மேல் பெண்பிள்ளைக்குக் கண் மங்கிவிடும் என்று யாரோ ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்களாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு. பேர் முப்பிடாதி. வேலை, கடைசிச் சோதனை: மூடியைக் கண்ணால் மூன்று செகண்டு பார்க்க வேண்டும், விரலால் இரண்டு செகண்டு தடவ வேண்டும்.

லைனுக்கு மேலே ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: ‘சந்தேகம் என்றாலே அட்டை.’ அட்டை என்பது சிவப்பு அட்டை. ஒவ்வொருத்தி மேசையிலும் ஒரு கட்டு இருக்கும். சந்தேகம் வந்த மூடியில் அதை மாட்டிவிட்டு மேசைப் பட்டனை அமுக்கினால் லைன் நிற்கும். நாலு மணி நேரத்துக்குள் குவாலிட்டி ஆட்கள் வந்து அந்த மூடியைக் கையால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். லேப் சோதித்து எழுதித் தர வேண்டும். மாட்டியவளைத் திட்டக் கூடாது. பீஸ் சரியாகிவிட்டது என்று எழுத்தில் வந்த பிறகு, மாட்டியவள்தான் அதைக் கழற்ற வேண்டும். வேறு எவன் அட்டையைத் தொட்டாலும் அவன் வேலை போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், குவாலிட்டி மேனேஜர் நரசிம்மன் சார் எங்களுக்கு ஒரு பிரசங்கம் செய்தார். எனக்கு அது இன்னும் மனப்பாடம்.

“புது மோல்டுல இருந்து வந்த பீஸ், இதுல டிஃபெக்ட் வராதுன்னு எவளாவது சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். டிஃபெக்டுக்கு வயசு தெரியாதும்மா. புதுசுலதான் சத்தமில்லாம வந்து உக்காந்துக்கும். உங்க விரல் சொன்னா நான் நம்புவேன். என் பொண்டாட்டி சொன்னாக்கூட நம்ப மாட்டேன்.”

எல்லோரும் கை தட்டினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கண்ணைக் கட்டி ஐம்பது மூடிகளைக் கையில் தருவார்கள். பரு இருப்பதைத் தடவியே ஒதுக்க வேண்டும். நான் நாலு முறை செய்தேன், நாலு முறையும் ஐம்பதுக்கு ஐம்பது. கேண்டீன் சுவரில் என் படத்தைப் போட்டு ‘தங்க விரல்’ என்று எழுதினார்கள்.

அந்த விரல்தான் மார்ச் ஆறாம் தேதி காலையில் என் இடது மார்பில் வந்து நின்றது.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டுப் பேர் சேர்ந்து எடுத்த ரூம். ஒரே குளியலறை. சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். விரல் போய்க்கொண்டே இருந்தது, சட்டென்று நின்றது. எனக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மொச்சைப் பயறு அளவு. நகரவில்லை. அமுக்கினால் வலிக்கவில்லை. வெளியே ஒருத்தி கதவைத் தட்டுகிறாள், “ஏட்டி, பஸ்ஸு வந்துரும்” என்று கத்துகிறாள், எனக்குத் தண்ணீரை மோந்து ஊற்றக் கை வரவில்லை.

ஆனாலும் பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரு தைரியம் வந்தது. பிளாஸ்டிக்கில் பரு என்றால் நாலு மணி நேரம். ஆளிடம் பரு என்றால் இந்தக் கம்பெனி ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடாதா?

முதலுதவி அறையில் ஏசுவடியான் அண்ணாச்சி இருந்தார். நாசரேத்துக்காரர், ஆண் நர்ஸ், நல்ல மனுஷன். அவருடைய நோட்டில் மூன்று கட்டம் உண்டு: தலை, வயிறு, கை. கால் வலித்தால்கூடக் கையில்தான் எழுதுவார்.

“என்னம்மா செய்யுது?”

“நெஞ்சுல அண்ணாச்சி. இந்தப் பக்கம். கட்டி மாதிரி.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். அவர் நோட்டைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். நெஞ்சுக்குக் கட்டமே இல்லை. கட்டம் போட்டவர் நெஞ்சு இல்லாத ஆளாக இருந்திருக்க வேண்டும்.

“கேஸ் டிரபிளா இருக்கும்மா. வயித்துல எழுதிருதேன், என்ன?” என்று சொல்லி இரண்டு வெள்ளை மாத்திரை தந்தார். “மார்ச் 6, முப்பிடாதி, வயிறு” என்று எழுதினார். தேதியையாவது சரியாக எழுதினார், அந்தப் புண்ணியம் அவருக்கு.

மாத்திரை தீர்ந்தும் பயறு போகவில்லை. வெள்ளிக்கிழமை வரும் கம்பெனி டாக்டரிடம் போனேன். டாக்டர் சுப்பிரமணி சாருக்கு ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்க்கிற திறமை உண்டு. அதற்காகத் தலையை நிமிர்த்துவதையே விட்டுவிட்டார்.

“வயசு?”

“இருவத்திரெண்டு, சார்.”

“கல்யாணம்?”

“இல்ல சார்.”

“வலிக்குதா?”

“வலிக்கல சார்.”

“வலிக்கலேன்னா எதுக்கும்மா வந்தே? இருபத்திரண்டு வயசுல அந்த மாதிரியெல்லாம் வராது. ஹார்மோன். கல்யாணம் ஆகி ஒரு குழந்தைக்குப் பால் குடுத்தா தானே கரைஞ்சிடும்.”

“தொட்டுப் பாக்காமலே சொல்லுதியளே, சார்?”

அப்போதுதான் நிமிர்ந்தார். “தொடறதா? பக்கத்துல ஒரு லேடி அட்டெண்டர் இல்லாம நான் எப்படிம்மா தொடறது? ரூல் இருக்கு. கம்பெனி ஒரு லேடி அட்டெண்டரைப் போடட்டும், தொடறேன்.”

நியாயந்தானே. அதனால் பெர்சனல் ஆபீசர் சுபாஷ் சாரிடம் போனேன். சுபாஷ் சார் டை கட்டியிருப்பார், எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

“லேடி அட்டெண்டரா? ரொம்ப நல்ல சஜஷன். எழுதிப் பெட்டியில போட்டுடு. அடுத்த ஏப்ரல்ல பரிசீலனைக்கு வரும்.”

“இன்னும் ஒரு வருசம் இருக்கே, சார்.”

“ஒரு வருஷம் ஓடிடும்மா. அதுவரைக்கும் மனசை பாசிட்டிவா வெச்சுக்கோ.”

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் சொன்னேன். “ஏட்டி, வெளிய வாய தொறந்துராத. சித்திரையில மாப்பிள்ள வீட்டுக்காரவுக பாக்க வாராவ” என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாமே போகலாமென்றால் எங்களுக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான், அன்றைக்கு அங்கே புறநோயாளிகளைப் பார்ப்பதில்லை. எத்தனை வருஷம் ஆனாலும் எங்களுக்குப் பேர் பயிற்சியாளர்தான்; பயிற்சியில் இருப்பவள் கம்பெனி டாக்டர் சீட்டு இல்லாமல் லீவு எடுத்தால் அன்றைக்கே பேரை அடித்துவிடுவார்கள். இதெல்லாம் காரணம்தான். இன்னொன்றும் உண்டு, மறைப்பானேன்? ‘அந்த வயசுல வராது’ என்று டாக்டர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதையே தினமும் மூன்று வேளையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் விரல் மட்டும் நம்பவில்லை. குளிக்கும்போது அந்தப் பக்கம் போகாமல் விரலை மடக்கிக்கொள்வேன். அப்படியும் அது தெரிந்துகொண்டே இருந்தது.

என் பக்கத்து மேசை சசிரேகா. மண்ணூர்க்காரி, அவள் அப்பா இந்தக் கம்பெனிக்கு நிலம் விற்றவர்களில் ஒருவர். ஏப்ரல் கடைசியில் கழிவறையில் வைத்து என்னை மடக்கினாள்.

“இன்னாடி உனுக்கு? பத்து நாளா பேயறஞ்ச மாரி கீற.”

சொன்னேன். “எங்க, காட்டு” என்று கதவைச் சாத்தினாள். அவளும் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது எடுத்தவள். சிரித்துக்கொண்டேதான் கையை வைத்தாள். சிரிப்பு நின்றது. விரலை எடுத்து மறுபடியும் வைத்தாள்.

“இன்னாடி இது, கல்லாட்டம் கீது” என்றாள். “டாக்டரு தொட்டுப் பாத்தானா?”

“பாக்கல.”

“அடப்பாவிங்களா! பத்து பைசா மூடிய பத்து பேரு தடவுறானுங்கோ.”

இரண்டு பேரும் கழிவறைக்குள் நின்று அழுதோம். ஆறு நிமிடம் ஆகிவிட்டது என்று சூப்பர்வைசர் இருவர் பேரிலும் மெமோ எழுதினார்.

மே மாதம் எனக்கு விடிவு வந்தது என்று நினைத்தேன். நுழைவாயிலில் துணிப் பதாகை கட்டினார்கள்: ‘மாபெரும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மற்றும் பரிசோதனை முகாம்.’ கேண்டீனுக்கு முன்னால் ஷாமியானா. தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வேன், இரண்டு லேடி டாக்டர், நாலு நர்ஸ். அட்டெண்டரே வேண்டாம், எல்லோரும் லேடி. பதாகையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும்.’

எங்கள் கம்பெனியில் நாற்பது வயதுப் பெண் என்று யாரும் கிடையாது. கூட்டுகிற அம்மாவைக்கூடப் போன வருஷம் மெஷினாக மாற்றிவிட்டார்கள்.

சுபாஷ் சார் மைக்கைப் பிடித்தார். “நம்ம நிறுவனம் பெண்களோட நிறுவனம். பெண்களோட ஆரோக்கியத்துல நாம காம்ப்ரமைஸ் பண்ணினதே இல்லை. இன்னிக்கு இந்த முகாம்ல ஒரு கேஸ்கூட வராதுன்னு நான் உறுதியா சொல்றேன்.”

வரவில்லை. காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை அந்த லேடி டாக்டர்கள் வெயிலில் விசிறிக்கொண்டு முந்திரிப் பக்கோடா தின்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் வரிசை இல்லாத வரிசையில் போய் முதல் ஆளாக நின்றேன். நர்ஸ் என் வயதைக் கேட்டாள்.

“இருபத்திரண்டா? போம்மா, நீ கொடுத்து வச்சவ.”

“கட்டி இருக்கு, அக்கா. ரெண்டு மாசமா வளருது. ஒரு தடவ தொட்டுப் பாத்துச் சொல்லிருங்க. ரெண்டு செகண்டு போதும்.”

“ஃபாரத்துல நாற்பதுக்குக் கீழ எழுத எடமில்லம்மா. கம்பெனி டாக்டர்கிட்ட போ.”

என் கைக்கும் அந்த வேனின் கதவுக்கும் இரண்டு முழம் இருந்தது. நான் திரும்பி லைனுக்குப் போனேன். மறுவாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: ‘முகாம் மாபெரும் வெற்றி. பாதிப்பு: பூஜ்யம்.’ சுபாஷ் சாருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

ஜூலையில் அது சுண்டுவிரல் மேல்கணு அளவு ஆகிவிட்டது. மேல்தோல் லேசாக உள்ளே இழுத்தது, நல்ல மூடியில் அச்சு சரியில்லாதபோது விழுமே ஒரு குழி, அதே குழி. மூடியாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கியிருப்பேன். கக்கத்தில் கடுகு மாதிரி இன்னொன்று. செத்துப் போய்விடுவேனோ என்று யாரிடம் கேட்பது?

ஜூலை பன்னிரண்டாம் தேதி வெளிநாட்டிலிருந்து ஆடிட்டர் வந்தார். எங்கள் மூடியை வாங்குகிற கம்பெனியின் ஆள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் எங்கள் கம்பெனிக்கு மறுநாள் வேலை இல்லை. தரையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். பதினோரு மணிக்கு அவர் எங்கள் லைனுக்கு வந்தார். நரசிம்மன் சார் சுவரில் இருந்த வாசகத்தைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் நிமிர்ந்து அந்த வாசகத்தைப் பார்த்தேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சந்தேகம் என்றாலே அட்டை. மூடி என்று அதில் எங்கேயும் இல்லை.

ஓர் அட்டையை எடுத்தேன். பீஸ்: முப்பிடாதி. இடம்: இடது மார்பு. குறை: பரு. கண்டுபிடித்தவர்: முப்பிடாதி. கண்டுபிடித்த தேதி: மார்ச் 6. அவசரத்தில் ஆறு கோணலாக விழுந்தது. என் அடையாள அட்டைக் கயிற்றிலேயே அதை மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினேன். லைன் நின்றது.

ஷிப்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நரசிம்மன் சார் ஓடி வந்து அட்டையைப் படித்தார். அவர் கழுத்து நரம்பு எழும்பியது.

“என்னம்மா இது? அதைக் கழட்டு.”

“லேப் எழுதித் தரணும், சார். பொறவு கழத்துதேன்.”

“இந்த வயசுல உனக்கு என்ன வந்துடும்? இருபத்திரண்டு வயசுல இதெல்லாம் வராதும்மா!”

“டிஃபெக்டுக்கு வயசு தெரியாதுன்னு நீங்கதான சார் சொன்னிய?”

அவர் கையை அட்டைப் பக்கம் கொண்டுவந்தார். அப்படியே நிறுத்திக்கொண்டார். ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவள் மாட்டிய அட்டையைத் தொட்டால் வேலை போய்விடும் என்ற விதியை எழுதியவரே அவர்தான்.

ஆடிட்டருக்கு என்மேல் இரக்கம் ஒன்றும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டார். தேதியில் விரலை வைத்தார். ஏதோ கேட்டார். அவர் கூடவே வந்திருந்த சுபாஷ் சார் மொழிபெயர்த்தார்.

“நாலு மணி நேரத்துல பாக்கணுமாம். நாலு மாசம் ஆயிருக்கே, ஏன்னு கேக்குறார்.”

அரை மணி நேரத்தில் கம்பெனி கார் வந்தது. ஏசியுடன். நரசிம்மன் சார் முன்சீட்டில், நானும் சசிரேகாவும் பின்சீட்டில். ஏறும்போது ஏசுவடியான் அண்ணாச்சி ஓடிவந்து தன் நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் திணித்தார். “தேதி இருக்கு, தங்கச்சி. காட்டு” என்றார். கண் கலங்கியிருந்தார்.

சென்னையில் அந்தப் பெரிய டாக்டரம்மா தொட்டார். சரியாக இரண்டு செகண்டு. அவருக்கும் விரல் நின்றது, நான் பார்த்தேன். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ஆறாம் நாள் கூப்பிட்டுச் சொன்னார்கள். புற்று. கக்கத்துக்கும் போயிருக்கிறது.

“எப்ப கண்டுபிடிச்சே?” என்று கேட்டார் டாக்டரம்மா. நோட்டுத் தாளை நீட்டினேன். ‘மார்ச் 6, வயிறு.’ அதை வாங்கிப் படித்தார். “மார்ச்சிலேயே யாராவது கை வச்சுப் பார்த்திருந்தா...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முடிக்காததுதான் என்னை உலுக்கிவிட்டது. சசிரேகா என் கையைப் பிடித்திருந்தாள். எங்கள் இரண்டு பேர் கையும் ஈரமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை, சுபாஷ் சார் ஆஸ்பத்திரிக்கு ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஒரு தாளும் கொண்டுவந்தார். லைன் நின்றால் ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்டு எழுத வேண்டும், அதுதான் எங்கள் முறை. அவரே எழுதி முடித்திருந்தார்.

லைன் ஏன் நின்றது? ஆபரேட்டர் தன்மேல் அட்டை மாட்டியதால். ஏன் மாட்டினார்? கட்டி இருந்ததால். கட்டி ஏன் முன்பே தெரியவில்லை? ஆபரேட்டர் முறைப்படி தெரிவிக்காததால். ஏன் தெரிவிக்கவில்லை? விழிப்புணர்வு இல்லாததால். ஏன் விழிப்புணர்வு இல்லை? மே மாத முகாமில் கலந்துகொள்ளாததால்.

கீழே தீர்வு: ஆபரேட்டருக்கு மறுபயிற்சி. இனி அட்டையை மூடிகளில் மட்டுமே மாட்ட வேண்டும், மனிதர்மேல் மாட்டினால் ஒழுங்கு நடவடிக்கை.

“இதுல ஒரு கையெழுத்து. அப்புறம் அந்த அட்டையைக் கழட்டிக் குடுத்துடும்மா. மாசச் சார்ட்டுல உன்னோடது ஒண்ணுதான் சிவப்பா நிக்குது. நல்லாவா இருக்கு?”

அட்டை என் தலையணைக்கு அடியில் இருந்தது.

“பீஸ் சரியாயிட்டுன்னு எழுதித் தந்தா கழத்துதேன், சார். எழுதித் தருவியளா?”

அவர் சிரித்துக்கொண்டே ஃபேனைப் பார்த்தார். நான் நக்கலுக்குக் கேட்கவில்லை. சத்தியமாக எனக்கு யாராவது எழுதித் தந்தால் தேவலை என்று இருந்தது. இரண்டு வரி. கீழே ஒரு கையெழுத்து. அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார், ஆர்லிக்ஸை மறக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை லைன் பிள்ளைகள் பதினோரு பேர் பஸ் பிடித்து வந்தார்கள். ஆரஞ்சுப் பழம், அழுகை, கிண்டல் எல்லாம் ஆனது. பிறகு ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, எனக்கும் ஒரு தடவ பாத்துச் சொல்லுறியளா?” டாக்டரம்மாவிடம் கேளுங்கட்டி என்றேன். ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா இல்லை. நான் டாக்டர் இல்லைட்டி, எதுவாயிருந்தாலும் திங்கக்கிழமை இங்கேயே வந்து காட்டணும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். பச்சைத் திரைக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நான் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன், வேலைக்கு முன்னால் செய்கிற மாதிரி. பத்துப் பேருக்கு என் விரல் எங்கேயும் நிற்கவில்லை. ஒவ்வொருத்தியும் வெளியே போகும்போது பெருமூச்சு விட்டாள். அந்தச் சத்தம் கேட்டு எனக்கே கொஞ்சம் உயிர் வந்தது.

பதினோராவதாக சசிரேகா வந்தாள்.

“இன்னாத்துக்கு, வுடுடி. எனுக்கு ஒன்னும் கெடையாது” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

விரல் போய்க்கொண்டே இருந்தது. வலது பக்கம், மேலே, நின்றது. எடுத்து மறுபடியும் வைத்தேன். மறுபடியும் அங்கேயே நின்றது. இந்த வயதில் பத்தில் எட்டு ஒன்பது கட்டி சும்மாதான், பார்த்துவிட்டால் போதும் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அதை அவளுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு கேள்விதான் வந்தது.

“உனக்குத் தெரியுமாட்டி?” என்றேன்.

தலையை ஆட்டினாள். “நீ அட்ட மாட்டிகின அன்னிக்கி காலைல.”

“இனிமே ஆளுமேல அட்டை மாட்டுனா வேலை போயிரும். நேத்துதான் எழுதிக்கிட்டு வந்தாரு அந்த டை.”

சசிரேகா ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு நாலாக மடித்த ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள். பேர், இடம், தேதி எல்லாம் முன்னமே எழுதியிருந்தாள். கயிறு கட்டுகிற ஓட்டை மட்டும் கசங்கி அடைத்துப் போயிருந்தது. தலையில் இருந்து ஒரு ஹேர்பின்னை உருவி என்னிடம் நீட்டினாள்.

“குத்தித் தாடி. நாளிக்கி மொத ஷிப்டு” என்றாள்.